அக்காவுக்குப் பொருந்தாத பாத்ரூம்

எங்க அக்காவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கடையில அரை கிலோ சர்க்கரை வாங்கினா, வீட்டுக்கு வந்து தன் தராசுல இன்னொரு தடவை நிறுத்துப் பாப்பா. டாக்டர் "ஒண்ணுமில்லம்மா, சாதாரணக் காய்ச்சல்"னு சொன்னா, "ஒண்ணுமில்லேன்னா எதுக்கு நாலு மாத்திரை?"ன்னு கேப்பா. நாப்பது வருஷமா தையல்காரி. புருஷன் போனப்ப பையனுக்கு ஆறு வயசு. மெஷினை மிதிச்சு மிதிச்சே அவனைப் படிக்க வச்சா. இப்ப அறுபத்தஞ்சு வயசு, இன்னும் தெருவுல பாதிப் பேரோட பேண்ட், சட்டை அவ கை வழியாத்தான் போகுது. டேப்பை வைக்கிறதுக்கு முன்னாடியே ஆளைப் பாத்து அளவைச் சொல்லிடுவா. அந்தத் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

அப்படிப்பட்டவ வீட்டுல பாத்ரூமை இடிச்சுக் கட்டினா எப்படி இருக்கும்? மேஸ்திரி பாடு திண்டாட்டம்தான். டைல்ஸ் பெட்டியைப் பிரிச்சு எண்ணினா. ஒட்டின டைல்ஸை ஒவ்வொண்ணா விரலை மடக்கித் தட்டி, "இது என்ன இப்படிச் சத்தம் போடுது, உள்ள சிமெண்ட் வச்சீங்களா இல்லையா?"ன்னு பிடிச்சுக்கிட்டா. அந்த மனுஷன் ரெண்டு டைல்ஸைப் பேத்துப் பாத்தார். உள்ள காலி. அவ சொன்னது சரியாப் போச்சு, அதுதான் கொடுமை. அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா?

ஆனா அவளோட நிஜமான சந்தேகம் மேஸ்திரி மேல இல்ல. பெத்த பையன் மேல. வேலை ஆரம்பிச்ச மூணாவது வாரம், எதிர் வீட்டுல இருக்கற என்கிட்ட வந்து உக்காந்தா.

"ஏண்டி, பாத்ரூம் படியை எடுத்துட்டாங்க. கதவை அகலமாக்கிட்டாங்க. இப்ப பிடிச்சுக்கச் சுவத்துல கம்பி வேற போடப் போறாங்களாம். கேட்டா, 'உனக்காகத்தாம்மா, வயசாகுதுல்ல'ங்கறான். நான் போனாலே அவனும் மருமகளும் பேச்சை நிறுத்திடறாங்க."

"நல்லதுதானே அக்கா."

"என்னடி நல்லது? இன்னிக்குக் கம்பி. நாளைக்கு, 'உனக்கு எதுக்கும்மா தையல், சும்மா உக்காரு'ம்பான். அடுத்து மெஷினை வித்துடுவான். என்னை ஓரங்கட்டப் பாக்கறாங்க. மெஷின் போனா நான் செத்தேன்டி."

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "பெத்த பிள்ளை நல்லது செஞ்சாலும் உன் கண்ணுக்குச் சதியாத்தான் தெரியும். உன்னைத் திருத்தவே முடியாது"ன்னு கத்திட்டேன். இப்ப நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

மறுநாள் காலையில பையனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பினதும் என்னைத் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போனா. உள்ள மேஸ்திரி கம்பிக்கு ஓட்டை போடத் தயாரா நின்னுக்கிட்டிருந்தார்.

"கம்பியெல்லாம் வேணாம். எடுத்துட்டுப் போங்க."

"சார் குறிச்சுக் குடுத்ததும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

சுவத்துல ஒரு பென்சில் கோடு. அக்கா பக்கத்துல போய் நின்னா. கோடு அவ நெஞ்சுக்கு வந்துச்சு. "லட்சணம்தான்! இதைப் பிடிச்சா நான் தொங்கணும்"னா. அப்புறம் புதுக் கமோடை மூடி அது மேல உக்காந்து பாத்தா. கால் தரையில எட்டல, அந்தரத்துல ஆடுச்சு. எனக்கும் மேஸ்திரிக்கும் சிரிப்பை அடக்க முடியல.

அக்கா சிரிக்கல. இறங்கி, கழுத்துல கிடந்த டேப்பை எடுத்துத் தரையிலேருந்து கோடு வரைக்கும் அளந்தா. கமோடு உயரத்தை அளந்தா. ரெண்டையும் மறுபடி அளந்தா.

"இந்தக் கோட்டை எப்படிப் போட்டான்?"

மேஸ்திரி தயங்கினார். "சாரே கமோடுல உக்காந்து, எழுந்து, கையை வச்சுப் பாத்துத்தாம்மா போட்டார். மூணு தடவை."

அக்கா முகத்துல ரத்தமே இல்ல. "போன மாசம் அவனுக்குப் பேண்ட் தைக்க அளவெடுத்தேன்டி. வலது தொடை, இடதைவிட ரெண்டு இன்ச் கம்மியா வந்துச்சு. டேப்புதான் கெட்டுப் போச்சுன்னு புது டேப் வாங்கினேன்."

ரெண்டு காலுக்கும் ஒரே டேப்தானேக்கான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்கல. அவளுக்குத் தெரியாதா என்ன? ஊரையே சந்தேகப்பட்டவளுக்கு பெத்தவன் காலை மட்டும் சந்தேகப்பட மனசு வரல.

சாயங்காலம் பையன் செருப்பைக்கூடக் கழட்டல. "இங்க வந்து நில்லு. தொடை அளவெடுக்கணும்"னா அக்கா.

அவன் பொண்டாட்டியைப் பாத்தான். அவ முந்திக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா. அப்புறம்தான் அவன் வாயைத் திறந்தான். தசை கொஞ்சம் கொஞ்சமாக் கரையற வியாதியாம். தெரிஞ்சு எட்டு மாசம் ஆச்சாம். இன்னும் ரெண்டு வருஷத்துல சக்கர நாற்காலி வேண்டியிருக்கும், அதுக்குத்தான் படியை எடுத்து, கதவை அகலமாக்கினதாம்.

"உனக்குன்னு சொன்னா கோவிச்சுக்குவே, அதோட நீ கேக்கறதை விட்டுடுவேன்னு நினைச்சேம்மா."

"எட்டு மாசமாடா?" அக்கா அவன் முதுகுல பட்டுபட்டுன்னு ரெண்டு வச்சா. வச்ச கையாலயே அவன் சட்டையைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா.

"நான் கிழவியாவே இருந்துட்டுப் போறேன்டா. மெஷினை வித்துடு, ஒண்ணும் சொல்ல மாட்டேன். கம்பி எனக்குத்தான்னு இன்னொரு தடவை சொல்லு. சத்தியமா நம்பறேன்."