ஆள் உயரத் திரி

மின்வெட்டு நாட்களில் எங்கள் பாலக்கரை வீட்டுப் பட்டறையில் விரல் பருமன் மெழுகுதிரிதான் ஓடியது. ஊற்றி மாளாது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்ததும் பிறந்தநாள் கேக்குக்கு மாறினோம், கல்லறைத் திருநாளுக்குக் கூடை கூடையாக ஊற்றினோம். எது எப்படி மாறினாலும் மாதாவுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் மட்டும் குறையவில்லை. கடையில் கேண்டில் என்று கேட்கிறவர்கள்கூட நேர்ச்சைக்கு வரும்போது திரி என்றுதான் சொல்வார்கள்.

நேர்ச்சைக்குக் கை, கால், கண், தலை என்று மெழுகில் உருவங்கள் உண்டு. எந்த உறுப்பில் நோயோ அதை வாங்கிக் காணிக்கை வைப்பார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று வருகிறவர்களுக்கு அச்சுக்கு எங்கே போவது? அவர்களுக்கு ஆள் உயரத் திரி. நோயாளியை நிற்கவைத்து உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை நூல் பிடிப்போம். அந்த நூலையே உள்ளே விட்டு, நீளக் குழாயில் மெழுகை ஊற்றி எடுத்தால் அவர் உயரத்துக்கே மெழுகுதிரி.

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. என்னுடையது பொருந்தியது. கொடுக்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரே நடுக்கம். நன்றாக இருக்கிற உடம்பைக் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமா? பயமாக இருக்கிறதா என்று அம்மா ஒரு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்கே எரிச்சலாக வருகிறது.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின வாரம், ஸ்ரீரங்கத்தில் தம்பி வீட்டிலிருந்து அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். முந்தானையில் முடிந்திருந்த நூலை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். தம்பியை அளந்த நூல்.

"ஒண்ணுதானா?" என்றேன்.

"ஒண்ணுதான். ஏன்?"

"ஆபரேஷன் எனக்கும்தானேம்மா."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லையேடி. நோவு இருக்கவங்களுக்குத்தானே திரி வைப்பாங்க? இத்தனை வருஷமா ஊத்துற, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அவள் வஞ்சகமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்கும் வாய் சின்னது இல்லை. அவள் மனதார அப்படித்தான் நம்பினாள். அந்த நூலுக்கு மெழுகு ஊற்றும்போது ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன, மெழுகுப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் திரி நன்றாக இறுகிவிட்டது. அதை எடுத்துப் போக அம்மா ஆட்டோ கொண்டுவந்திருந்தாள். அவ்வளவு நீளத்தை ஒரு ஆள் தூக்க முடியாது. தலைப்பக்கம் அவள் பிடித்தாள், கால்பக்கம் நான் பிடித்தேன். வாசற்படி இறங்கும்போது என் கால் லேசாகப் பிசகியது.

"ஐயோ, பாத்துடி! ஒடிஞ்சிடப் போவுது" என்று பதறி, அம்மா இரண்டு கையாலும் திரியை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.