எஞ்சினுக்குப் பின்னால், என் கை மட்டும் போகும் இடம்

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். ஒரு பத்தி முடிந்ததும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன், சரியாக இருந்தால்தான் அடுத்ததற்குப் போகிறோம். பெங்கெலிலும், அதாவது கார்ப் பட்டறையிலும், அப்படித்தான் வேலை செய்தேன். ஒரு நட்டை முறுக்கினால் இன்னொரு முறை தொட்டுப் பார்க்காமல் போனெட்டை மூடியதில்லை.

கார் ரிப்பேர் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

1. கோப்பி ஆறிப் போன நாள்

சுங்கை வேயில் ஓர் உதிரிப் பாகத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் இருந்தேன். கடுகு அளவு சாமான்களைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே பொருத்துகிற வேலை. தொழிற்சாலையை மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். அதே சாலையின் கடைசியில் மணியம் என்பவர் பெங்கெல் வைத்திருந்தார். கோப்பி கலக்கவும், கழற்றிப் போட்ட சாமான்களைக் கழுவவும் ஆள் வேண்டும் என்றார். போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் பால் விடாத கோப்பி ஓ மூன்று கலக்கிக்கொண்டு வந்தால் குடிக்க ஆளில்லை. மணியமும் ஃபோர்மேன் ஆ செங்கும் இன்னொருவரும் ஒரு காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சாதாரண ஆயில் சர்வீஸ்தான். ஆனால் அந்தக் காரில் ஆயில் ஃபில்டரை எஞ்சினுக்குப் பின்பக்கம், புகைக் குழாய்க்கு மேலே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மேலேயிருந்து கை போகாது. கீழேயிருந்து போனால் குழாய் சுடும். ஃபில்டரைக் கழற்றுகிற வார் அங்கே சுற்றாது.

"இதை வரைஞ்சவன் ஒரு நாளாச்சும் ஆயில் மாத்தியிருப்பானா?" என்றார் மணியம்.

"அவன் காருக்கு வேற ஆள் மாத்துவான் லா, பாஸ்," என்றார் ஆ செங். சீனர். இருபது வருஷம் தமிழர்களோடு வேலை செய்து தமிழ் அவர் வாயில் நன்றாக ஓடும்.

நான் கோப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் கையை விட்டுப் பாக்கவா?" என்றேன்.

ஆ செங் நகர்ந்து இடம் விட்டார். பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு உள்ளே விட்டேன். போனது. மூன்று திருகில் ஃபில்டர் கையோடு வந்தது. ஆயில் புகைக் குழாயில் கொட்டிப் பெங்கெல் முழுக்கப் புகை. மறு தடவையிலிருந்து பாதியாக வெட்டிய தண்ணீர்ப் போத்தலையும் உள்ளே கொண்டுபோனேன், ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஆ செங் ஆறிப் போன கோப்பியைக் குடித்துவிட்டு, "அக்கா, நாளையிலிருந்து கோப்பிய பாஸ் கலக்கட்டும்," என்றார்.

2. அட்டையில் குத்தியது

ஒரு காரில் முன்விளக்கு பல்ப் மாற்ற பம்பரையே கழற்ற வேண்டும். இன்னொன்றில் பேட்டரி சக்கரத்துக்கு உள்பக்கம். வேறொன்றில் ஏர்கோன் ஃபில்டருக்குப் போக, டாஷ்போர்டுக்கு அடியில் பாம்பு மாதிரி நெளிந்து மல்லாந்து படுக்க வேண்டும். கழற்றுவது பெரிதில்லை. திரும்ப மாட்டும்போதுதான் வினை. இருபது ஸ்க்ரூவில் நீளம், குட்டை, தடிப்பு என்று நாலு விதம் இருக்கும்.

மற்றவர்கள் மேனுவலைப் பார்ப்பார்கள். எனக்கு அதைப் படிக்க வராது. அதனால் பால் டின் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதில் பம்பரை வரைவேன். எந்த ஸ்க்ரூ எந்த இடத்திலிருந்து வந்ததோ, அட்டையில் அதே இடத்தில் குத்தி வைப்பேன். மாட்டும்போது அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் போகும்.

ஒருமுறை மணியம் தானே ஒரு பம்பரை மாட்டி முடித்தார். கையில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம்.

"ரெண்டுதானேக்கா. காரு கொஞ்சம் லேசா ஓடும்."

"அப்ப எல்லாத்தையும் கழட்டிடுங்க பாஸ். பறந்துடும்."

சிரித்துக்கொண்டே திரும்பக் கழற்றினார். அடுத்த வாரத்திலிருந்து பெங்கெலில் எல்லோரும் அட்டையில்தான் குத்தினார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

3. வளையல்

என் வலது கையில் ஒரு தங்க வளையல். என் வீட்டுக்காரர் போட்டது. அவர் தவறிய பிறகு கழற்றச் சொன்னார்கள். நான் கழற்றவில்லை. பேசினார்கள், பேசட்டும் என்று விட்டேன். வயதாக ஆக விரல் முட்டிகள் தடித்துப் போய், பிறகு கழற்ற நினைத்தாலும் வராது.

மணியம் பல தடவை சொல்லியிருக்கிறார்: "அக்கா, கைய உள்ள விடுற வேலை. அத வெட்டி எடுத்து வச்சுக்கங்க. அப்புறமா பத்தர்கிட்ட ஒட்டிக்கலாம்."

நான் கேட்கவில்லை. மின்கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை வளையலுக்கு மேல் சுற்றிக்கொண்டு வேலை செய்வேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருந்ததுதான் கெடுதல்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஓர் அங்கிள் வருவார். யாழ்ப்பாணத் தமிழர். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கார் வந்தாலே ஆ செங் வேறு வேலை தேடிப் போய்விடுவார். கீறல் விழும் என்று, யாரும் இடுப்பு பெல்ட்டோடு காரில் சாயக் கூடாது. வீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு கொண்டுவந்து முன்சக்கரத்துக்கு மேலிருக்கிற ஃபெண்டர் தகட்டில் தானே விரிப்பார். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

அன்று அவருடைய புதுக் காரில் தண்ணீர் ஒழுகியது. எஞ்சினுக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ். அது வெடித்திருந்தது. ஹோஸ் மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதற்கு மேலே இன்டேக் மேனிஃபோல்ட் உட்கார்ந்திருந்தது. எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகிற பெரிய பிளாஸ்டிக் குழாய்க் கூட்டம் அது. அதை முழுக்க எடுத்தால்தான் ஹோஸைத் தொட முடியும்.

"புத்தகத்துல அரை நாள் வேலைன்னு போட்டிருக்கு, அங்கிள்," என்றார் மணியம்.

"அரை நாளோ? இந்தச் சின்ன ஹோஸுக்கோ?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "பாஸ், எதுக்கு அதெல்லாம்? நான் கைய விட்டே மாத்திடுறேன். அங்கிள் ஒரு டீ குடிச்சிட்டு வரட்டும்," என்றேன். எஞ்சின் சரியாக ஆறவில்லை. ஆறட்டும் என்றார் ஆ செங். அதையும் கேட்கவில்லை.

கை போனது. பழைய ஹோஸ் வந்தது, புதியதை மாட்டிக் கிளிப்பையும் போட்டேன். கையை இழுத்தேன். வரவில்லை.

உள்ளே இருந்த சூட்டில் டேப்பின் பசை இளகி, வளையல் நழுவியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பிராக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனை வளையலுக்கும் என் மணிக்கட்டுக்கும் நடுவில் நுழைந்துவிட்டது. தள்ளினால் குத்துகிறது, இழுத்தால் இறுக்குகிறது. இழுக்க இழுக்க மணிக்கட்டு வீங்கியது.

முதலில் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு வலி வெட்கத்தைத் தாண்டிவிட்டது. "பாஸ், கை மாட்டிக்கிச்சு," என்றேன்.

ஆயில் ஊற்றினார்கள். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினார்கள். நகரவில்லை. வளையலை வெட்டிவிடலாம் என்று ஆ செங் கட்டரை எடுத்து வந்தார். அது உள்ளே போகவில்லை. அவர் கை போகவில்லை, மணியம் கையும் போகவில்லை. அங்கே போகிற ஒரே கை என்னுடையது. அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இத்தனை வருஷம் நான் எதைச் சொல்லிப் பெருமைப்பட்டேனோ, அதுவே அன்று என்னைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அக்கா, கெராக் வேணாம் லா. அசையாம நில்லுங்க," என்றார் ஆ செங். டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்த அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "பாஸ், விரலு நீலமாவுது."

மணியம் பொம்பாவைக் கூப்பிடப் போனை எடுத்தார். தீயணைப்பு வண்டி வர எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. ஆ செங் வேறு வழி சொன்னார். மேனிஃபோல்டைக் கழற்றலாம். ஆனால் அதன் பின்பக்க போல்ட் இரண்டும் என் கைக்கு அடியில் இருந்தன. கழற்ற முடியாது. அறுக்க வேண்டும்.

புதுக் கார். மேனிஃபோல்டை அறுத்தால் கம்பெனி வாரன்டி போய்விடும். மாற்று சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மணியம், அங்கிள் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், அது வந்து... காரு..."

"ஏன் என்னட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கிறீங்கள்?" என்றார் அங்கிள். "காரை விடுங்கோ. கையைப் பாருங்கோ. வெட்டுங்கோ."

ஆ செங் ஹேக்ஸா பிளேடை மட்டும் தனியாக எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். பிளாஸ்டிக் தூள் முகத்தில் தெறித்தது. அங்கிள் ஃபெண்டரிலிருந்து அந்த வெள்ளைத் துண்டை எடுத்து என் கண்ணை மறைத்துப் பிடித்தார். ஃபெண்டரில் பெல்ட்டு படுவதையெல்லாம் அன்று அவர் பார்க்கவில்லை. ஆ செங் வயிற்றோடு அதன் மேலேயே ஏறிப் படுத்திருந்தார்.

"உங்கட பேர் என்ன தங்கச்சி? இவ்வளவு காலம் கேக்கேல்லை."

"பார்வதி."

"பார்வதி, எத்தனை பிள்ளையள்?"

"மூணு பேரு, அங்கிள்."

"மூத்தது என்ன செய்யுது? சொல்லுங்கோ. கையை நினைக்காதீங்கோ. பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ."

சொன்னேன். மூத்தவன் டெங்கிலில் வேலை, நடுவள் கல்யாணமாகிக் கிள்ளானில், சின்னவள் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சின்னவள் என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்டபோது மேனிஃபோல்ட் துண்டு கீழே விழுந்தது. கட்டர் உள்ளே போனது. 'டக்' என்று ஒரு சத்தம். என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டார்கள். எலும்புக்கும் நரம்புக்கும் ஒன்றும் இல்லை. இன்னும் தாமதித்திருந்தால் விரல்களைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

4. சாமான் வரும்வரை

மாற்று மேனிஃபோல்ட் வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் அங்கிள் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தும் ரயிலேறியும் போய்வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என் கையைப் பார்க்க இரண்டு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் மணியம் மன்னிப்புக் கேட்க, "சரி, விடுங்கோ" என்பார்.

எனக்கு வேலை போய்விடும் என்று நினைத்தேன். இனிக் கோப்பி கலக்கச் சொல்லிவிடுவார்கள் என்றும் நினைத்தேன். மணியம் வீட்டுக்கு வந்து, "அக்கா, கை ஆறினதும் வாங்க. ஆனா வளையலு வேணாம்," என்றார். அவ்வளவுதான் திட்டு.

வளையலை நான் ஒட்டவில்லை. வெட்டியபடியே அலமாரியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால், என் கையைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்.

பிள்ளைகளே, கார் வரைகிறவர்களைத் திட்டாத மெக்கானிக் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஆயில் ஃபில்டரைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தால், எனக்குக் கோப்பி கலக்குகிற வேலைதான் மிஞ்சியிருக்கும். கோணல் இடத்தில் வைத்த அந்த மகராசனுக்கும் என் நன்றி. மூன்று பிள்ளைகளை அவன் புண்ணியத்தில்தான் வளர்த்தேன். அதற்காக அவன் கோணலுக்கு உங்கள் கையைக் கொடுக்காதீர்கள். புத்தகத்தில் அரை நாள் என்று போட்டிருந்தால் அரை நாள் செய்யுங்கள். கழற்ற வேண்டியதைக் கழற்றுங்கள், உங்கள் மேல் இருப்பதையும் சேர்த்து. எஞ்சின் ஆறட்டும். யாராவது ஒருவர் சொன்னால் கேளுங்கள்.

புது மேனிஃபோல்ட் வந்தது. நான்தான் மாட்டுவேன் என்று சொன்னேன். ஆ செங் அட்டையில் குத்தி வைத்திருந்த ஸ்க்ரூக்களை வரிசையாக எடுத்து, அரை நாள் முழுக்க எடுத்துக்கொண்டு மாட்டினேன். அங்கிள் வழக்கம்போல வெள்ளைத் துண்டோடு வந்து நின்றார். ஃபெண்டரில் விரிக்கப் போகிறார் என்று ஒதுங்கினேன். அவர் அதை நாலாக மடித்து, எஞ்சின் விளிம்பில் நான் முழங்கை ஊன்றுகிற இடத்தில் வைத்தார்.

"ஆறுதலாச் செய்யுங்கோ, பார்வதி. அவசரம் ஒண்டுமில்லை," என்றார்.