அப்பாவைக் காட்டிக்கொடுத்த மகள்

பனி தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, நண்பர் சிவத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். சப்பாத்தைக் கழற்றக்கூட விடவில்லை மனிசன்.

"மச்சான், என்ரை மகள் என்னைக் காட்டிக் குடுத்திட்டாள்!"

யாரிடம்? நோர்வே அரசாங்கத்திடம்!

விஷயம் இதுதான். மகள் ஆரணி ஒஸ்லோவில் பிறந்தவள். கம்ப்யூட்டர் படித்தவள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் நல்ல வேலை கிடைத்திருந்தது. ஆனால், இரகசியங்கள் புழங்கும் இடம். பாதுகாப்பு அனுமதி கிடைத்தால்தான் உள்ளே விடுவார்கள். அதற்கு ஒரு நேர்காணல். போதைப்பொருள் பாவித்ததுண்டா என்ற கேள்வி கட்டாயம் வரும்.

ஆரணி பாவித்திருக்கிறாள். பெர்கன் நகரில் படித்த காலத்தில், நண்பர்களோடு சில தடவை கஞ்சா. பிறகு விட்டுவிட்டாள். "நான் உள்ளதைச் சொல்லத்தான் போறன்" என்று நேர்காணலுக்கு முதல் நாள் வீட்டில் போட்டு உடைத்தாள்.

தாய் வசந்தி குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதார். சிவம் அழவில்லை. பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

"இல்லை எண்டு சொல்லு. கண்ணைப் பாத்துச் சொல்லு. ஆர் கண்டது?"

சிவத்தை நான் குறை சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரனின் காவலரண்களைத் தாண்டித் தாண்டி வளர்ந்தவர்கள் நாங்கள். அவனைத் தெரியுமா? – தெரியாது. இவன் உன் வீட்டுக்கு வந்தவனா? – இல்லை. உண்மையைச் சொன்ன சிலர் வீடு திரும்பவே இல்லை. அதிகாரி கேள்வி கேட்டால், வாய் தானாகவே 'இல்லை' என்கிறது... இத்தனை வருடம் கழித்தும்!

ஆனால் இங்கே கணக்கு வேறு. எப்போதோ புகைத்ததைச் சில வேளை பொறுத்துக்கொள்வார்கள். எப்போது, எத்தனை தடவை, இப்போது எப்படி என்று பார்ப்பார்கள். மறைத்தது தெரியவந்தால்தான் பெரும் சிக்கல். இன்றைக்கு இதை மறைக்கிறவர் நாளைக்கு எதை மறைப்பார்? இந்த இரகசியத்தை வைத்தே யாராவது அவரை வெருட்டினால்? நியாயமான கேள்விகள்தானே!

நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தது. ஆரணி கொஞ்சம் தடுமாறி, பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எதிரே இருந்த பெண் விடவில்லை. ஏன் தயங்கினீர்கள்?

"அப்பா இல்லை எண்டு சொல்லச் சொன்னவர்."

அப்படியே சொல்லியிருக்கிறாள் பிள்ளை!

"இனி அந்த வேலை கிடைச்ச மாதிரித்தான்" என்றார் சிவம். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். தன் பேச்சாலேயே மகளின் வேலை போய்விடுமோ என்ற பயம்.

ஆரணி தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தாள். "அப்பா, மிச்சத்தையும் மாமாவுக்குச் சொல்லுங்கோவன்."

சிவம் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டார். அவளே சொன்னாள்.

"அப்பா அங்கை ஆமிக்காரனிட்டை உண்மையைச் சொல்லியிருந்தா நான் பிறந்தே இருக்கமாட்டன் எண்டும் சொன்னனான், மாமா."

சிவம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அப்பா சொல்லச் சொன்ன பொய்யையும் மறைக்காமல், அப்பாவையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு பிள்ளை பேசிவிட்டு வந்திருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

இந்தக் கிழமைதான் பதில் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது!

"இதை என்ரை பத்திரிகைப் பத்தியில் எழுதட்டா?" என்று போனில் கேட்டேன். "என்ரை பேரைப் போட்டே எழுதுங்கோ" என்றாள் ஆரணி. வசந்திதான் பதறிப்போய் போனைப் பறித்தார்.

"அரசாங்கத்துக்குத் தெரிஞ்சாப் பரவாயில்லை அண்ணை... கோயில் சனத்துக்குத் தெரியக்கூடாது!"

ஆகவே, பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.