கனடாவில் இருந்து போட்ட லைற்

மின்குமிழைக் கண்டுபிடித்தவர் கைக்கு அகப்பட்ட நார்களையெல்லாம் எரித்துப் பார்த்தார் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். மனிதர் இருட்டில் தடுமாறக் கூடாது என்பதுதான் அவருடைய எண்ணமாம். மனிதரே இல்லாத வீடுகளில் அது எரியப்போகிறது என்று அந்த மனுசனுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லைப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்கு ஆளில்லை. ஆனால் பொழுதுபட்டால் எல்லா வீட்டிலும் லைற் எரியும்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வீட்டுத் திறப்பை அயலில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். கள்ளன் வரக் கூடாது, அதனால் பின்னேரத்தில் ஒரு லைற்றைப் போட்டு விடுங்கள் என்பார்கள். உண்மையான காரணம் வேறு. வீடு இருண்டு கிடந்தால் குடும்பத்துக்குக் கூடாது என்ற பயம். படித்தவர்களுக்கு அதைச் சொல்ல வெட்கம், அதனால் கள்ளனில் பழியைப் போடுவார்கள். எங்கள் ஊரில் இவ்வளவு பழி சுமந்த கள்ளனை நான் ஒருநாளும் கண்டதில்லை.

என்னிடம் இருந்த திறப்புகளில் முக்கியமானது கடற்கரைப் பக்கத்து மாடிவீட்டுத் திறப்பு. அது அக்காவின் வீடு. சொந்த அக்கா இல்லை. நாட்டின் தெற்கில் கடை வைத்திருந்த சைவக் குடும்பம் அவர்களுடையது, நாங்கள் வேதக்காரர், கடல் தொழில். பொங்கலுக்கு அவ புக்கை தருவா, நத்தாருக்கு நான் பலகாரம் கொடுப்பேன், ஒருவர் சமையலில் மற்றவர் குறை கண்டுபிடித்து நல்ல ஒற்றுமையாக இருந்தோம். அவவின் கணவர் தவறிய பிறகு மகன் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டான். போகும்போது, மேல்விறாந்தை லைற்றை மட்டும் மறக்க வேண்டாம் என்று திறப்பை என் கைக்குள் வைத்துப் பொத்தினா.

நான் மறக்கவும் ஏலாது. என் மனிசன் நண்டு வலை போட்டுவிட்டுக் கரைக்கு வருவது பொழுதுபட்ட பிறகு. எங்கள் கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் கல்லு. நடுவில் வள்ளம் வர ஒடுக்கமாக ஒரு வழி. கோயில் லைற்றும் அக்கா வீட்டு லைற்றும் ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரிந்தால் வழி சரி என்று கரைக்காரர் எல்லாரும் பழகிவிட்டார்கள். ஆளில்லாத வீட்டை நம்பிக் கடலுக்குப் போகிற ஆட்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

இரண்டு வருடத்துக்கு முன் மகன் லீவில் வந்தான். மேல்விறாந்தைக்குப் புது பல்ப் போட்டான். கனடாவில் இருந்து போனை அமத்தினால் இங்கே எரியும், இனி அன்ரி படியேறிக் கால் நோகத் தேவையில்லை என்றான். யாராவது தவறுதலாக அணைத்துவிடுவார்கள் என்று சுவிச்சையும் கழற்றி, அந்த ஓட்டையைப் பூசி அடைத்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. கால் நோகுதென்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இருந்த ஒரு உத்தியோகத்தையும் ஒரு பல்ப் பறித்துவிட்டது.

அக்காவுக்கோ அதற்குப் பிறகுதான் உயிர் வந்தது. மகன் கலியாணம் முடித்து வேறு நகரத்துக்குப் போய்விட, அவ ஒரு அடுக்குமாடியில் தனியாக இருந்தா. எங்களுக்குப் பொழுதுபட அங்கே காலமை. எழும்பினவுடன் போனை எடுத்து ஊர் வீட்டுக்கு லைற் போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்பாவாம். ஒருநாளும் பிந்தினதில்லை. கோயில் மணி முந்துமா அக்கா முந்துவாவா என்று மனிசன் பகிடி பண்ணுவார்.

போன மாரிக்கு முன் ஒருநாள் மணி அடித்தது, லைற் எரியவில்லை. நான் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்று பார்த்தேன். மனிசன் கடலில். திறப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அங்கே சுவரில் வடிவாகப் பூசின இடம்தான் இருந்தது. வீட்டுக்கு ஓடி எங்கள் குசினி பல்ப்பைக் கழற்றிக்கொண்டு வந்தேன். எங்களுடையது இரண்டு ஆணி வைத்து மாட்டுகிறது, அவன் போட்டது முறுக்குகிறது. மாட்டவில்லை. அவனுடைய பல்ப்பைத் திரும்ப முறுக்கிவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லி அக்காவை ஏசினேன். பிறகு போனில் இருந்த ரோச்சைப் போட்டுக் கடல் பக்கம் பிடித்துக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டபடி நின்றேன்.

மனிசன் வந்து சேர்ந்தார். வள்ளத்தின் அடியில் கல்லுக் கீறியிருந்தது. கீழே நின்று, கறியில் உப்பில்லை என்று சொல்லுகிற மாதிரி, லைற் இல்லை என்றார். எனக்குக் கோபம் தொடங்கியது. மாடியில் நின்றபடியே மகனுக்கு எடுத்தேன். அவன் வேலையில் நின்றான். அம்மா மறந்திருப்பா, என்னுடைய போனிலும் அது இருக்கு என்றான். சொல்லி வாய் மூட முதல் என் தலைக்கு மேல் லைற் எரிந்தது.

"இப்ப சரிதானே, அன்ரி?"

"நீர் போட்டனீர். கொம்மா ஏன் போடேல்லை?"

"நித்திரையா இருப்பா."

"அவ லைற் போடாமல் தேத்தண்ணி குடிக்கிறேல்லைத் தம்பி. ஆரையாவது அனுப்பிப் பாரும்."

அவன் வேலையில் நிற்கிறேன் என்றான். நான் போனை வைக்கவில்லை. லைற் எரிகிறது தானே, பிறகேன் சண்டை பிடிக்கிறாய் என்று மனிசன் கீழே இருந்து கேட்டார். எரிகிற லைற்றைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அக்கா அடுப்படியில் விழுந்து கிடந்தா. இடுப்பெலும்பு முறிந்து, போனுக்கு ஊர்ந்து போக ஏலாமல், இரவு முழுக்க. மகன் போன் எடுத்துச் சொல்ல, கட்டடம் பார்க்கிற ஆள்தான் கதவைத் திறந்தாராம். ஒப்பரேசன் செய்தார்கள். அதன் பிறகு ஆட்களை அடையாளம் மட்டுக்கட்டுகிறா இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிறா இல்லை என்றான் மகன். ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் அவன் பேச்சுக் குறைந்துகொண்டு வந்தது. ஊர் லைற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தானாக எரியும்படி நேரம் வைத்துவிட்டேன் என்றான்.

அது நேரம் தப்பாமல் எரிந்தது. கரையில் எல்லாருக்கும் திருப்தி. அக்கா போட்டதைவிட இது திறம் என்றார் மனிசன். நான் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அக்கா இருந்தாலும் அது எரியும், இல்லாவிட்டாலும் எரியும். அதைப் பார்த்து அவ எப்படி இருக்கிறா என்று எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அது எரியும்போது உள்ளே போய் மாடிப் பக்கம் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் மத்தியானம் மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். நெருப்பு வெயில். தற்செயலாக நிமிர்ந்தால் மேல்விறாந்தையில் லைற் எரிந்தது. அணைந்தது. திரும்ப எரிந்தது. பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி அணைந்து எரிந்தது. இடைவெளி ஒன்றுபோல இல்லை. யந்திரம் அப்படிச் செய்யாது. கனடாவில் அப்போது சாமம், மகனும் நித்திரையாக இருப்பான். நடுங்குகிற விரல்தான் அப்படிச் செய்யும்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மனிசன் அண்ணாந்து பார்த்தார். "பட்டப்பகலில ஆர் லைற் போட்டது?"

"அக்கா எழும்பிட்டா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மீன் நாறின கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அந்த வெயிலுக்குள் நின்று அழுதேன். அவர் வலை ஊசியைக் கீழே வைத்தார்.

அன்று பொழுதுபடும்வரை அது எரிந்துகொண்டே இருந்தது. அணைக்கச் சொல்லி ஒருவரும் கனடாவுக்குப் போன் எடுக்கவில்லை.