இடைவேளைக்குப் பிறகு மட்டும்

“வாற மாதப் படத்தையும் தம்பியே தெரிவு செய்யட்டும்.” சென்ற பங்குனி இரண்டாம் ஞாயிறு, முகாம் தலைவர் எங்கள் வாட்ஸப் குழுவில் போட்ட செய்தி இது. அழிக்காமல் வைத்திருக்கிறேன். இதில் வரும் தம்பி நான் இல்லை.

ஒரகடத்தைத் தாண்டி இருக்கும் இலங்கை அகதிகள் முகாமில், எங்கள் சர்ச் சார்பில் மாதம் ஒரு படம் போடுகிறோம். மூன்று வருடமாகத் தேர்ந்தெடுத்தது நான். போர், படகு, தொலைந்த வீடு என்று அவர்கள் வாழ்க்கையை ஒட்டியதாகத் தேடி, முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோவேன். அமைதியாகப் பார்ப்பார்கள். அந்த அமைதியைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி திருநெல்வேலிக்காரர். கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்காருபவர். நாற்காலி போட உதவிக்கு என்று நான்தான் கூட்டிப்போனேன். போன முதல் நாளே முன்வரிசை அம்மா ஒருவரிடம் கேட்டார்: “ஊர்ல கடைசியா தியேட்டர்ல என்ன படம் பாத்திய?”

“பாதிப் படம்தான் தம்பி. இடைவேளையில ஊரடங்கு எண்டு எல்லாரையும் எழுப்பி விட்டுட்டாங்கள்.”

“பொறவு டிவில போட்டிருப்பாவளே?”

“கனதரம், எத்தினையோ முறை போட்டவங்கள். தனியப் பாக்க மனம் வராது. எழும்பிப் போயிடுவன்.”

அவர் எந்தக் கரையில் படகேறினார், எங்கே இறங்கினார் எல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியாது.

அடுத்த மாதம் தம்பி, அம்மாவிடம் பெயர் கேட்டுவைத்திருந்த அந்தப் படத்தை இடைவேளையிலிருந்து போட்டார். அதற்கு முன், பிள்ளைகளுக்குப் புரியவேண்டும் என்று, முதல் பாதியைப் பெரியவர்களே சொன்னார்கள்.

“அவன்தான் தமையன்.”

“இல்லையப்பா, நீ தியேட்டரில நித்திரை கொண்டிருப்பாய்!”

சண்டையும் சிரிப்புமாக அரைமணி நேரம் போயிற்று. திருத்திச் சொன்னதெல்லாம் அந்த அம்மாதான். படம் முடிந்து விளக்குப் போட்டதும், “இவ்வளவுதானோ? இதுக்கோ இத்தனை வருசம்?” என்றார். கூரை அதிரும்படி சிரித்தார்கள். நான் போட்ட எந்தப் படத்துக்கும் அந்தக் கூடத்தில் அப்படியொரு சத்தம் எழுந்ததில்லை.

தம்பிக்கு வீட்டு டம்ளரில் தேநீர் வந்தது. எனக்கு வழக்கம்போல் பேப்பர் கப். புரொஜெக்டரைக் கட்டிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் என் காதருகில் சொன்னார்: “இன்னா சார், ஒங்க படத்துக்கு சேரு மிச்சம் கீது. தம்பி படத்துக்கு ஜனம் நின்னுகினு பாக்குது!”

வீட்டுக்கு வந்ததும் சரிபார்க்க ஆரம்பித்தேன். அந்த அம்மாவைச் சந்தேகித்து அல்ல. தம்பியின் வெற்றியில் ஒரு ஓட்டையாவது இருக்கவேண்டும் என்றுதான். படம் அங்கே ஓடவே இல்லை என்று தெரிந்தால் குழுவில் போடலாம். வருகிற மாதத் தேர்வு என்னிடம் திரும்பி வரலாம். யாழ்ப்பாணத்தில் பழைய நாளிதழ்கள் சேர்க்கும் ஒருவருக்கு, அம்மா சொன்ன தியேட்டரையும் ஊரடங்கு வந்த மாதத்தையும் குறித்து எழுதிக் கேட்டேன். அந்த மாத இதழ்கள் தன்னிடம் இல்லை என்று பதில் வந்தது.

வருகிற ஞாயிறும் தம்பியின் படம்தான். அந்தத் தியேட்டரில் அந்த மாதம் அந்தப் படம் ஓடியதா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.