லுட்வினா மெதுவாகச் சறுக்கப் போன கதை

லுட்வினா ஹின்டராவில் ஒரு வாரத்துக்கு அறை எடுத்திருக்கிறாள் என்ற செய்தி அவள் ஊரான ஒபர்லேனுக்குப் பேருந்தில் வந்தது. ஹின்டராவில் விடுதி நடத்துபவளின் மைத்துனி ஓட்டுநரிடம் சொன்னாள். ஓட்டுநர் ரொட்டிக்கடையில் சொன்னார். ரொட்டிக்கடை வால்புர்கா அதைக் காலை ரொட்டியோடு சேர்த்துக் கட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். முதலில், அங்கே அவளுக்கு ஓர் ஆள் இருக்கிறான் என்றுதான் பேச்சு. ஊர் அதை ரசித்தது. அறுபதை நெருங்கும் விதவைக்குத் துணை கிடைத்தால் யாருக்கு என்ன கஷ்டம்? மறுநாள் திருத்தம் வந்தது: ஆளெல்லாம் இல்லையாம், பனிச்சறுக்கத்தான் போகிறாளாம். அப்போதுதான் ஊருக்கு வயிறு எரிந்தது. அடுத்த பள்ளத்தாக்கில் போய்ச் சறுக்குவதா?

போகிறவள் லேசுப்பட்டவளும் இல்லை. தொங்குவண்டி நிலையத்தின் அடியில், பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயை வாடகைக்கு விடும் கடை அவளுடையது. ஆல்ப்ஸுக்கு விடுமுறைக்கு வருகிறவர்களில் ஒருவர்கூட உண்மை பேசுவதில்லை என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கடையை அவள் நடத்தி வந்தாள். எடையைக் கேட்டால் எல்லோரும் குறைப்பார்கள். திறமையைக் கேட்டால் கூட்டுவார்கள். விழும்போது பூட்ஸைவிட்டு ஸ்கீ கழன்றுகொள்ள வேண்டும். இரண்டையும் பிணைக்கும் பூட்டை எடைக்குத் தக்கபடி திருகி வைக்காவிட்டால் கால் போய்விடும். ஆகவே சொன்ன எடையோடு நாலு கிலோ சேர்த்துக்கொள்வாள். திறமையை அறிய ஒன்றும் கேட்க மாட்டாள். கடைக்கோடியில் இருக்கும் காலுறையை எடுத்துவரச் சொல்லி, நடையைப் பார்ப்பாள்.

"என் உயரத்துக்கு இது ரொம்பக் குட்டையா இருக்கே" என்பார் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த வக்கீல்.

"உயரத்துக்குப் பாக்கல சார். உங்க தைரியத்துக்குப் பாத்தேன்" என்பாள். வக்கீல் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போவார்.

இப்படி ஊரையே எடைபோட்டவள் ஆறு குளிர்காலமாகப் பனிச்சரிவில் கால் வைக்கவில்லை. கேட்டால் கடையில் வேலை என்பாள். நிஜம் வேறு. இடது முழங்காலை அறுத்துத் தைத்த மருத்துவர், "சறுக்கலாம், ஆனா மெதுவா" என்று சொல்லிவிட்டார். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை வீட்டில் உட்கார வைத்தது. இளவயதில் இரு பள்ளத்தாக்குகளின் பந்தயத்தில் வென்றவள். ஒபர்லேன் சரிவுகளின் மேலே நாற்காலி லிஃப்ட் போகிறது; அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கீழே போகிறவர்களின் முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்வதுதான் பொழுதுபோக்கு. லுட்வினா குழந்தைகளைப்போல் வேகத்தை அடக்க ஸ்கீ முனைகளைச் சேர்த்து, ஏர் உழுவதுபோல் இறங்கினால், அவள் கீழே வந்து சேருமுன் செய்தி ரொட்டிக்கடைக்குப் போய்விடும். ஆனாலும் ஸ்கீக்கு அடியில் பனி கரகரப்பதை இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

திட்டம் போட உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை முடித்துவைக்கும் மூன்று ராஜாக்கள் திருநாளும் முடிந்து விருந்தாளிகள் காலியாகும் ஜனவரி வாரத்தைத் தேர்ந்தாள். சுற்றுவட்டாரச் சரிவுப் படங்களை அடுப்படி மேசையில் விரித்து, மேலே நாற்காலி போகும் சரிவையெல்லாம் கோடிட்டு நீக்கினாள். மிஞ்சியது ஹின்டராவில், எளிய சரிவைக் குறிக்கும் ஒரே ஒரு நீலக்கோடு. கடைச் சரக்கை எடுத்துப் போனால் அதில் ஒட்டியிருக்கும் ஊர்ப்பெயர் ஆளைச் சொல்லிவிடும். வீட்டுப் பரணில் இருந்ததோ தலைக்கு மேல் நிற்கும் பந்தய ஸ்கீ; மெதுவாகப் போக அது ஆகாது. அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் வழி.

செய்தி பரவியதும், தொங்குவண்டி நிலையத்தை நடத்தும் தம்பி வின்சென்ஸ் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"நிஜமாக்கா? ஹின்டராவா? அவனுங்க பனியையே மெஷின்ல செய்யறானுங்க."

"நம்மளுதும் பாதி மெஷின்தான். குழாயத் தொறந்து விடறதே நீதானே."

"அது வேற. நம்ம சரிவு சரியில்லன்னு லுட்வினாவே ஓடிட்டான்னு பேசறாங்க. லிஃப்ட்காரங்க சங்கக் கூட்டத்துல நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"இப்ப இருக்கற எடத்துலயே வெச்சுக்க. நல்லாத்தான் இருக்கு."

காரணம் கேட்டான். அவள் பெட்டியில் இன்னொரு கம்பளிச் சட்டையை அடுக்கினாள்.

ஹின்டராவின் வாடகைக் கடையில் கோர்பினியன் என்ற தாடிக்காரன் மரியாதையாகவே வரவேற்றான்.

"முன்னாடி சறுக்கியிருக்கீங்களாம்மா?"

"இல்ல தம்பி. இதான் முதல் தடவ."

எடை கேட்டான். அவன் எப்படியும் நாலு கூட்டுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே நாலு குறைத்துச் சொன்னாள். இரண்டு பொய்யும் சேர்ந்து பூட்டு சரியான எடையில் நின்றது. பூட்ஸைக் கால்மாற்றி மாட்டினாள். "ஐயோ, விரலெல்லாம் நசுங்குது" என்றாள். காலுறை எடுக்கப் போகும்போது வாத்துபோல் நடந்தாள். வாழ்நாளெல்லாம் அவள் கடையில் பார்த்த அசட்டுத்தனங்களை ஒன்று விடாமல் செய்து காட்டினாள். கோர்பினியன் அவள் மோவாய் உயரத்துக்கு ஒரு ஸ்கீயை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அங்கேதான் கை காட்டிக்கொடுத்தது. அவளைக் கேட்காமலே கட்டைவிரல் நகம் ஸ்கீயின் இரும்பு விளிம்பில் குறுக்கே உரசிப் பார்த்தது. பிறகு ஸ்கீயைத் திருப்பி, ஒரு கண்ணை மூடி, அடிப்பாகத்தை முனையிலிருந்து நோட்டம் விட்டாள்.

"இத யாரு தீட்டுனது? நகம்கூடச் சீவலியே."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. கோர்பினியன் கையைக் கட்டிக்கொண்டான். மலைக்காரர்களுக்குள் 'நீங்கள்' கிடையாது. அவனும் அதை விட்டான்.

"இது கடைக்காரி பேச்சு. ஒபர்லேன்தானே நீ? எங்க கடைய வேவு பாக்க வந்தியா?"

ஒரு கணம், ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. வேவு பார்ப்பதில் கௌரவம் உண்டு. ஆனால் வேவுக்காரிக்கு ஸ்கீ கிடைக்காது.

"முட்டி போச்சு. மெதுவாத்தான் சறுக்க முடியும். எங்க ஊர்ல எப்படிச் சறுக்குவேன்?"

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "பந்தயத்துல எங்க மெக்டில்டு அத்தைய ரெண்டாவதாத் தள்ளுனவ நீதான?"

"மூணாவதா" என்றாள் லுட்வினா. அந்த நேரத்திலும் அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கோர்பினியன் அரம் எடுத்து விளிம்பைத் தீட்டினான். "எங்க நீலச் சரிவுக்குப் போகாத. இந்த வருஷம் அங்கயும் நாற்காலி போட்டாச்சு. பசங்க மைதானத்துக்குப் பின்னால காட்டுக்குள்ள ஒண்ணு இருக்கு."

"படத்துல இல்லையே?"

"எங்க ஊர்ல முட்டி போனவங்க போற எடம். அதப் போய்ப் படத்துலயா போடுவோம்?"

காட்டுக்குள் இழுவைக் கயிற்றைப் பிடித்து மேலேறியபோது, ஹின்டராவின் பழைய சூரர்கள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்க்காத பாவனையில் உழுதுகொண்டு இறங்குவதைக் கண்டாள். அவளையும் யாரும் பார்க்கவில்லை. முனைகளைச் சேர்த்தாள்; முழங்கால் முனகியது; பனி கரகரத்தது. ஆறு வருஷத்து மூச்சு அவளைவிட்டு மெல்ல வெளியேறியது. மெதுவாக. மருத்துவர் சொன்னதைவிட மெதுவாக.

பாதிச் சரிவில், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பருத்த கிழவி அவளை உரசாத குறையாகத் தாண்டினாள். திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினாள்.

"என்ன ஒபர்லேன், இன்னும் எறங்கலியா?" என்றாள் மெக்டில்டு.

லுட்வினாவின் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. வின்சென்ஸாகத்தான் இருக்கும். எடுக்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும், கையுறையைக் கழற்ற வேண்டும். முன்னே சிவப்புத் தொப்பி வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது. லுட்வினா வேகம் பிடிக்க ஸ்கீ முனைகளை ஒரு விரற்கடை விரித்தாள். கைப்பேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.