குல்யாஷ் அண்ணியின் முதல்

இஸ்திரி மேசையை இன்னும் ஒரு பல் உயர்த்தி, அதன் மேல் மடிக்கணினியை வைத்து, குல்யாஷ் நின்றபடியே ஆடிக்கொண்டிருக்கிறாள். காலில் கம்பளிக் காலுறை, தோளில் பூப்போட்ட சால்வை, இடது கையில் பாதி கடித்த ரொட்டி. கரகந்தாவில் விடிகாலை. வெளியே பெய்வது பனியா, ஆலைப் புகைபோக்கியின் கரியா என்று கண்ணுக்குத் தெரியாத நேரம். உலகத்தின் மறுபக்கத்தில் அது முந்தைய நாள் இரவு. அங்கே ஆட்கள் வேலை முடிந்து, இரண்டு பாட்டிலைக் காலி செய்துவிட்டு, கை அரிப்போடு போக்கர் மேசைக்கு வந்திருப்பார்கள்.

"அவனுங்களுக்கு ஏறிக்கிட்டிருக்கும். நமக்குத் தூக்கம் தெளிஞ்சிருக்கும். இந்த ஒரு வித்தியாசத்துலதான் என் பொழப்பே ஓடுது," என்பாள்.

உட்கார்ந்து ஆடினால் என்ன என்று கேட்டால், "உக்காந்தா மனசு வசதியாயிடும். நின்னா கால் வலிக்கும். வலிச்சா தானாக் கடையக் கட்டிடுவேன்" என்று பதில் வரும். அடுப்புமேடையில் கோழி உருவத்தில் ஒரு கடிகாரம். ஏழு மணிக்கு அது கொக்கரித்துவிட்டால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் தோற்றுக்கொண்டிருந்தாலும், கையிலிருக்கும் ஆட்டத்தோடு மூடிவிடுவாள். பிறகு மழலையர் பள்ளிக்குப் போய், வாத்துக்குட்டிகளாகக் குதிக்கும் பிள்ளைகளுக்குப் பியானோ வாசிப்பாள். அரை நாள் வேலை, அரைச் சம்பளம். மிச்ச அரையைப் போக்கர் தர வேண்டும். கணவன் ஓராஸ் பேருந்து ஓட்டுகிறான். கேட்பவர்களிடம் அவன், "வெளிநாட்டுக்காரங்களுக்குக் கணக்குப் பாக்குறா" என்று சொல்லிவைத்திருக்கிறான். முழுப் பொய்யும் இல்லை.

அந்த வீட்டில் 'முதல்' என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது. இணையக் கணக்கில் இருக்கும் டாலர் அது. அதற்கு அவள் விதித்திருக்கும் சட்டம், பேருந்துப் பணிமனையின் சட்டத்தைவிடக் கடுமையானது. ஒரு மேசையில் உட்கார நூறு டாலர் வேண்டுமென்றால், முதலாக அதைப்போல் ஐம்பது மடங்கு இருக்க வேண்டும். நாற்பது மடங்குக்குக் கீழே சரிந்தால், மறுபேச்சில்லாமல் பாதி விலை மேசைக்கு இறங்கிவிட வேண்டும். அந்த நாற்பதை மறுபடி தாண்டினால்தான் பழைய மேசைக்கு ஏறலாம். ஜெயித்ததில் பாதி மாதம் பிறந்ததும் வீட்டுக்கு. ஜெயிக்காத மாதம் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. "முதலாளி இந்த மாசம் சம்பளம் போடல," என்று தன்னைப் பற்றித் தானே முறையிட்டுக்கொண்டு, பள்ளிச் சம்பளத்தில் உருளைக்கிழங்கு வாங்கிவருவாள்.

ஒருநாள் சில்லறை இல்லாமல் ஓராஸிடமே பேருந்துக் காசு கேட்டாள்.

"ஐயாயிரம் டாலர் வச்சுக்கிட்டு, பஸ் ஓட்டுறவன்கிட்டயே பஸ்ஸுக்குக் காசு கேக்குறியே, உனக்கே நியாயமா இருக்கா?"

"அது என்னுது இல்லங்க. அது முதலோடது."

"அப்ப முதல நடந்து போகச் சொல்லு."

இந்தக் கெடுபிடிக்கு ஒரு காரணம் அலமாரியில் தொங்குகிறது. ஆடத் தொடங்கிய காலத்தில், ஒரு நல்ல மாதத்தின் மயக்கத்தில், முதலிலிருந்து எடுத்து வாங்கிய நரித்தோல் கோட்டு. அடுத்த மாதம் சீட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாங்கிப் பிடிக்க முதல் இல்லை. மறுபடி அடிமட்ட மேசையிலிருந்து ஏறிவர ஒரு வருடம் பிடித்தது. "அதைப் போட்டா எனக்குக் குளிரும்," என்று அவள் அதைத் தொடுவதேயில்லை.

சென்ற நவம்பரில் அந்தச் சட்டத்துக்கே சோதனை வந்தது.

நவம்பரென்றால் குளிர்காலத்துக்குக் குதிரை அறுக்கும் மாதம். அறுத்த வீட்டுக்குச் சொந்தபந்தம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். பெரியப்பா மக்கள் வீட்டில் வருடாவருடம் இடுப்புவாரைத் தளர்த்திக்கொண்டு சாப்பிட்டுவந்த ஓராஸுக்கு இந்த முறை திருப்பிச் செய்ய வேண்டிய கட்டாயம். அதே நேரம் பார்த்துக் குல்யாஷுக்கு வாரக்கணக்காகத் தோல்வி. முதல் நாற்பது மடங்குக்குக் கீழே சரிந்து, அவள் ஐம்பது டாலர் மேசைக்கு இறங்கியிருந்தாள். மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. ஓராஸின் தம்பி மெய்ராம் ஒரு சேதியோடு வந்ததும் அப்போதுதான். கர்கரலிப் பக்கம் ஒருவர் நல்ல பெண் குதிரையைச் சல்லிசாகத் தருகிறார். பாதி அவருக்கு, பாதி நமக்கு. சனிக்கிழமைக்குள் காசு கட்ட வேண்டும்.

ஓராஸ் தொண்டையைச் செருமினான். "குல்யாஷ், நான் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"இப்பவும் கேக்காதீங்க."

"அரைக் குதிரை. அவ்வளவுதான்."

"முதலே படுத்த படுக்கையாக் கெடக்கு. அதுக்கிட்டப் போயி ரத்தம் எடுக்கச் சொல்றீங்களே!"

"அப்ப எங்க பெரியப்பா மக்களுக்கு என்ன, உருளைக்கிழங்கா அவிச்சு வைக்கிறது?"

"சம்பளம் வந்தா மொத்தமும் உங்க கையில குடுக்கிறேன். முதல்ல கை வைக்க மாட்டேன்."

ஓராஸ் கத்தவில்லை. அன்று மாலை தேநீருக்கு உட்கார்ந்தபோது, அவள் கை நீட்டுவதற்குள் கெண்டியை எடுத்துத் தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொண்டான். அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டிக்குள் அதைவிடப் பெரிய சண்டை கிடையாது. வெள்ளிக்கிழமை, பல் கட்டச் சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்து மெய்ராமிடம் கொடுத்துவிட்டான். கீழ்வரிசையில் மூன்று பல் இல்லாதவன் அவன்.

"பல்லுக் காசக் குடுத்துட்டு, குதிரைக் கறிய எதை வச்சு மெல்லுவீங்க?"

"விருந்தாளி மெல்லுவாங்க. நான் பாத்துக்கிட்டிருப்பேன்."

அவன் கோபத்தில்கூடச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அதுதான் அவளைக் குத்தியது.

சனிக்கிழமை விடியலில் ஓராஸ் வண்டி எடுக்கப் போய்விட்டான். மெய்ராம் அந்நேரம் கர்கரலிச் சாலையில் இருந்தாக வேண்டும். இஸ்திரி மேசை முன் நின்ற குல்யாஷ், மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தில் நின்றாள். வெள்ளைக் கார். இடது முன்விளக்கில் மஞ்சள் ஒட்டுப்பட்டை. அந்த விளக்கை உடைத்தது ஓராஸின் பேருந்து. பட்டை ஒட்டியது அவள்.

பக்கத்திலிருந்த அரட்டைப் பெட்டியில் அந்தப் பெயரோடு எழுத்துகள் ஓடின: "சீக்கிரம் ஆடுங்கடா! நான் குதிரை வாங்கப் போகணும்."

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். ஓராஸின் பல்லுக் காசை இரட்டிப்பாக்கி, முழுக் குதிரையாகக் கொண்டுவந்து அண்ணனை அசத்த நினைத்திருக்கிறான் பாவி! அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பது டாலரையும் நடுவில் தள்ளினான். கனடாக்காரன் ஒருவன் வாரிக்கொண்டான். மெய்ராம் இன்னொரு ஐம்பதை எடுத்துவைத்தான். அதையும் கனடாக்காரனே வாரினான். குதிரையின் ஒரு தொடை போய்விட்டது.

குல்யாஷ் தொலைபேசியை எடுத்தாள். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"தம்பி, எங்க இருக்கே?"

"ரோட்டுல அண்ணி! பனி கொட்டுது. சரியாக் கேக்கல, அப்புறம் பேசறேன்!"

பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் அவன் பந்தயம் ஏறியது.

"பாத்துப் போ தம்பி. வழி சறுக்கும்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அதட்டியிருக்கலாம். அதட்டினால் ஒரு மணி நேரம் ஒளிந்துகொண்டு, வேறு மேசையில் போய்த் தொலைப்பான். அவள் கொழுந்தனை அவளுக்குத் தெரியும். அந்தக் காசு எப்படியும் யாரிடமாவது போகத்தான் போகிறது. கனடாவுக்குப் போவதைவிடக் கரகந்தாவிலேயே இருக்கட்டும். சமையலறையிலிருந்து முக்காலியை இழுத்துவந்தாள். ஆடத் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

மெய்ராமின் மேசையிலேயே இடம் பிடித்தாள். இணையத்தில் அவள் பெயர் 'வாத்துக்குட்டி'. அது யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வாத்துக்குட்டி அன்றைக்குப் போல் என்றும் ஆடியதில்லை. மெய்ராம் சீட்டைப் பார்க்காமலே ஏற்றினான். அவள் பார்த்துப் பார்த்து வாங்கினாள். முன்னங்கால் வந்தது. விலா வந்தது. "ஏய் வாத்து! உன்னை அறுத்துக் குழம்பு வச்சுடுவேன் பாரு!" என்று எழுத்து ஓடியது. அவள் பதில் எழுதவில்லை. கோழிக் கடிகாரம் கொக்கரித்தது. எழுந்துபோய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தாள்.

கடைசி ஐம்பதை அவன் நடுவில் தள்ளியபோது அவள் கையில் இரண்டு ராஜா. விரலைப் பொத்தான் மேல் வைத்தாள். விட்டுவிட்டால் அடுத்து இருப்பவன் அந்தக் கனடாக்காரன். அமுக்கினாள். ராஜாக்கள் நின்றார்கள். வெள்ளைக் கார் மேசையை விட்டுப் போயிற்று.

கணக்கைப் பார்த்தாள். முதல் நாற்பது மடங்கைத் தாண்டி நின்றது. நாளைக்கே நூறு டாலர் மேசைக்கு ஏறிவிடலாம். நேர்மையாக ஆடி ஜெயித்த காசு, சட்டப்படி அவளுடையது, அவள் எழுதிய சட்டத்தின்படியும்கூட. தேநீர் ஆறிப் பாலாடை படியும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வழி தவறி நம்ம தொழுவத்துல நுழைஞ்ச மாடு. கட்டிப் போட்டா நம்மளுது ஆயிடுமா?" என்று இஸ்திரி மேசையிடம் கேட்டுவிட்டு, மெய்ராமிடமிருந்து வந்ததை மட்டும் ஒரு டாலர் கூடாமல் குறையாமல் வெளியே எடுக்க உத்தரவு போட்டாள். வங்கிக்கு வந்து சேரச் செவ்வாய் ஆகும்.

மதியம் ஓராஸ் சாப்பிட வந்த நேரத்தில் மெய்ராம் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"அண்ணா, குதிரை சரியில்ல. கால் ஊனம். நல்லவேளை வாங்கல. காச... காச அங்கயே குடுத்து வச்சிருக்கேன், வேற குதிரைக்கு."

"எந்தக் கால் தம்பி?" என்றாள் குல்யாஷ், அவனுக்குத் தேநீர் ஊற்றியபடி.

"முன்னங்கால் அண்ணி."

"பின்னங்கால்னுல்ல நினைச்சேன். தொடையோட கனடாவுக்குப் போயிடுச்சாமே?"

மெய்ராம் தொப்பியைக் கீழே போட்டுவிட்டான்.

"குடி, ஆறிடும்," என்று கிண்ணத்தை நீட்டினாள். "ஆமா, வாத்துக் குழம்பு கொதிச்சுதா?"

கிண்ணத்தை வாங்கிய கையோடு அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன. ஓராஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "கனடாங்கறே, வாத்துங்கறே. குதிரை இருக்கா இல்லையா?"

"இருக்குங்க. கொஞ்சம் சளி. செவ்வாய்க்கிழமை தேறிடும்," என்றாள் குல்யாஷ். "தம்பி இப்பவே போயி, குதிரைக்காரர் கையில கால்ல விழுந்து, அதுவரைக்கும் நிறுத்தி வச்சிட்டு வருவான். அந்தத் தொடை இருக்கே, அதுக்குத் தன் கார்ல இருக்கிற பெரிய ஸ்பீக்கர விக்கப் போறானாம். அப்படித்தானே தம்பி?"

"அப்படித்தான் அண்ணி," என்றான் மெய்ராம் தேநீரைப் பார்த்து.

ஓராஸ் வெகுநேரம் மென்றான். பாதியைப் புரிந்துகொண்டான் என்றுதான் தோன்றுகிறது. "என் பல்லு எங்கயோ ஊரச் சுத்திட்டு வந்திருக்கு போல," என்றான். பிறகு காலிக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தான். அவள் ஊற்றினாள்.

குதிரை வந்தது. கொழுத்த உருப்படி. குடலை உறைபனித் தண்ணீரில் கழுவும் வேலையை மெய்ராம் யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டான். "இன்னும் ஒரு தண்ணி அலசு தம்பி," என்று குல்யாஷ் சொல்லும்போதெல்லாம் தலை நிமிராமல் அலசினான். குல்யாஷ் மறுநாள் காலை வழக்கம்போல் ஐம்பது டாலர் மேசையில் நின்றிருந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேதான் நின்றாள்.

விருந்தன்று பெரியப்பா மக்கள் பெண்டுபிள்ளைகளோடு வந்து நிறைந்தார்கள். குடலில் கறியைத் திணித்து அவித்த கஸியைத் தட்டுத் தட்டாக வைத்தார்கள். ஓராஸ் ஒரு பக்கமாகவே மென்று எல்லாவற்றையும் தின்றான். சாப்பாடு முடிந்து, தேநீர் வந்து, அண்ணன்மார்களில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்தார். காசு வேண்டாம், தீக்குச்சி போதும். ஆளுக்கு இருபது குச்சி.

"குல்யாஷ், நீயும் உக்காரு. எந்நேரமும் வெளிநாட்டான் கணக்கே பாத்துக்கிட்டிருந்தா எப்படி? ஆடத் தெரியுமில்ல?"

"சுமாராத் தெரியும் மாமா," என்று அவள் வட்டத்தில் உட்கார்ந்தாள்.

மெய்ராம் சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே தன் குச்சிகள் அத்தனையையும் நடுவில் தள்ளினான். எல்லாரும் சிரித்தார்கள். குல்யாஷ் தன் பங்குக் குச்சிகளை எண்ணிப் பார்த்தாள்; இருபது மடங்குதான் தேறியது. உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, நடுவில் இரண்டாக ஒடித்து, தன் முன்னால் அடுக்கத் தொடங்கினாள்.